அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆன்டிபயாடிக்கை இப்போதே நிறுத்தலாமா?

கேள்வி இதுதான். அம்மாவுக்கு 62 வயது; சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. வலது காலில் கணுக்காலுக்கு மேலே சிவந்து வீங்கி, காய்ச்சலும் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு செல்லுலைட்டிஸ் என்றார். தோலிலும் அதற்குக் கீழே உள்ள திசுவிலும் வரும் பாக்டீரியா தொற்று அது. அமாக்ஸிசிலின் - கிளாவுலனேட் 625 மாத்திரை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்று மூன்றாம் நாள். காய்ச்சல் இல்லை, வீக்கமும் வடிகிறது. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை வயிறு இளகிப் போகிறது. “உடம்பெல்லாம் சூடு ஏறிடுச்சு, இனிமே வேண்டாம்” என்கிறார் அம்மா. நிறுத்தலாமா, தயிர் கொடுக்கலாமா, சர்க்கரை மாத்திரையோடு சேருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. மருந்து எழுதுவதும் மாற்றுவதும் டாக்டர் வேலை. எழுதிய மருந்தை எப்படிச் சாப்பிட்டால் முழுப் பலன் கிடைக்கும், எங்கே ஆபத்து வரும் என்பதை விளக்கமாகச் சொல்வது என் வேலை. கடையிலும் மருத்துவமனை ஜன்னலிலும் கூட்டத்துக்கு நடுவே இதைச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்தான். அதனால் இங்கே நிதானமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அவசரக் கேள்விக்குப் பதில்: இன்று நிறுத்த வேண்டாம். மூன்றாம் நாளில் காய்ச்சல் விட்டது மருந்து சரியாகப் பிடித்திருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். தொற்று முழுக்கப் போய்விட்டது என்பதற்கு அது அடையாளம் ஆகாது. அதுவும் சர்க்கரை உள்ளவரின் கால். இளகிய மலம் இரண்டு மூன்று முறை என்ற அளவில், ரத்தமோ கடுமையான வயிற்று வலியோ இல்லாமல் இருந்தால், இந்த மருந்தில் அது அடிக்கடி வருவதுதான். டாக்டருக்கு ஒரு போன் செய்து சொல்லுங்கள். அவர் வேறு சொல்லாதவரை மாத்திரை தொடரட்டும்.

இனி மாத்திரை சாப்பிடும் நேரம். இதைத்தான் பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுகிறார்கள். சீட்டில் 1-1-1 என்று இருந்தால் நம் வீடுகளில் காலை, மதியம், இரவுச் சாப்பாட்டோடு என்று எடுத்துக்கொள்வோம். அதாவது காலை எட்டரை, மதியம் ஒன்று, இரவு எட்டு. பகலில் நாலரை மணி நேர இடைவெளி. ராத்திரியில் பன்னிரண்டரை மணி நேரம். அமாக்ஸிசிலின் ரத்தத்தில் நெடுநேரம் நிற்காத மருந்து. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் அளவு பாதியாகிக்கொண்டே போகும். அமாக்ஸிசிலினும் சேர்ந்த பெனிசிலின் குடும்ப மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்வது ஒரே நேரத்தில் எவ்வளவு அதிகமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது அல்ல. தேவையான அளவுக்கு மேலே எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் ராத்திரி நீண்ட இடைவெளி விட்டால், மிஞ்சிய கிருமிகள் மறுபடி பெருகுவதற்கு அவகாசம் கிடைக்கிறது.

மூன்று வேளை என்றால் கூடியமட்டும் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து அம்மாவுக்குச் சரிப்படலாம். அரை மணி, ஒரு மணி முன்னே பின்னே ஆனால் ஒன்றும் ஆகாது. போனில் அலாரம் வைத்துவிட்டால் யாரும் ஞாபகம் வைத்துக்கொண்டு தவிக்க வேண்டாம். இதே மருந்தைச் சில டாக்டர்கள் 1-0-1 என்று இரண்டு வேளையாக எழுதுவார்கள். அப்போது பன்னிரண்டு மணி நேர இடைவெளி. எது எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. பக்கத்து வீட்டில் இரண்டு வேளைதான் சாப்பிட்டார்கள் என்று குறைக்கக் கூடாது.

சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? இந்த மருந்தைச் சாப்பாடு தொடங்கும்போதே, முதல் சில வாய்களோடு விழுங்குவது நல்லது. வயிற்றுப் புரட்டல் குறைகிறது. கிளாவுலனேட் பகுதியும் நன்றாக உடம்பில் சேருகிறது. காலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் முழுச் சாப்பாடு வேண்டாம், ஒரு இட்லியோ கொஞ்சம் கஞ்சியோ போதும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அதைக் கூடுதல் சாப்பாடாக ஆக்காமல், இருக்கும் அளவிலிருந்தே பிரித்துக் கொடுங்கள்.

கிளாவுலனேட் என்ன செய்கிறது என்று தெரிந்தால் இன்னொரு தவறும் தவிரும். பல பாக்டீரியாக்கள் அமாக்ஸிசிலினை உடைத்துப்போடும் ஒரு நொதியைச் சுரக்கின்றன. கிளாவுலனேட் அந்த நொதியை முடக்கிவிடுகிறது, அமாக்ஸிசிலின் தன் வேலையைப் பார்க்கிறது. 625 என்பது 500 மில்லிகிராம் அமாக்ஸிசிலினும் 125 மில்லிகிராம் கிளாவுலனேட்டும் சேர்ந்தது. 375 மாத்திரையில் 250-ம் 125-ம். அதாவது கிளாவுலனேட் இரண்டிலும் ஒரே அளவு. கடையில் 625 இல்லை, 375 இரண்டு போட்டுக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கிளாவுலனேட் இரட்டிப்பாகும், வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணமே அதுதான்.

இந்த மாத்திரைக்கு ஈரம் ஆகவே ஆகாது. கிளாவுலனேட் காற்றின் ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போகும். அதனால்தான் தடித்த அலுமினிய அட்டையில் வருகிறது. மாத்திரையை முன்கூட்டியே அட்டையிலிருந்து பிரித்து, ஞாயிறு திங்கள் என்று எழுதிய வாராந்திர டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். பிரித்தவுடன் விழுங்க வேண்டும். பிரிக்கும்போது மாத்திரை பழுப்பேறியோ ஊறியோ இருந்தால் அதைச் சாப்பிடாமல் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். குளியலறை அலமாரியும் அடுப்பு மேடையும் மருந்து வைக்கும் இடங்கள் அல்ல.

மாத்திரை பெரிது, தொண்டையில் நிற்கிறது என்று வயதானவர்கள் சொல்வது உண்மைதான். சாதாரண 625 மாத்திரையை இரண்டாக உடைத்து, இரண்டு பாதியையும் அப்போதே ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கலாம். ஒரு பாதியை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை உடைக்கக் கூடாது. அட்டையில் பெயரோடு சி.ஆர்., எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்ற எழுத்துகள் இருந்தால் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். பொடித்துத் தேனில் குழைப்பதெல்லாம் வேண்டாம். அவ்வளவு சிரமம் என்றால் திரவ மருந்தாக மாற்றித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம்.

ஒரு வேளை மறந்துவிட்டால்? ஞாபகம் வந்த உடனே சாப்பிடலாம். அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிவிட்டது என்றால் மறந்ததை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் சாப்பிட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. விழுங்கிய சிறிது நேரத்திலேயே வாந்தி எடுத்துவிட்டால், எவ்வளவு நேரத்தில் எடுத்தார், மாத்திரை வெளியே தெரிந்ததா என்று பார்த்து வைத்துக்கொண்டு டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். அதை வைத்துத்தான் திரும்பக் கொடுக்கலாமா என்று சொல்ல முடியும்.

அம்மா சொல்லும் சூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் உணர்வது பொய் இல்லை. வாய்ப்புண், வயிற்று எரிச்சல், ஆசனவாயில் எரிச்சல், பெண்களுக்கு அந்தரங்க உறுப்பில் அரிப்பு எல்லாவற்றையும் நம் ஊரில் சூடு என்ற ஒரே சொல்லில் அடக்குகிறோம். மருந்து காலில் உள்ள கிருமியை மட்டும் தேடிப் போவதில்லை. குடலிலும் வாயிலும் இருந்து நமக்கு உதவும் பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழிக்கிறது. அந்த இடத்தில் பூஞ்சை பெருகினால் நாக்கில் வெள்ளைப் படலமும் அரிப்பும் வரும்; சர்க்கரை உள்ளவர்களுக்கு அது இன்னும் எளிதாக வரும். அரிப்போ வெள்ளைப் படலமோ இருந்தால் அம்மா கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். அதற்கு எளிய மருந்துகள் உண்டு. அதற்காக ஆன்டிபயாடிக்கை நிறுத்த வேண்டியதில்லை.

வயிற்றுப்போக்குக்கு மோர், கஞ்சித் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். நல்லவை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் குளுக்கோஸ் இருக்கிறதே என்று சர்க்கரைக்காரர்கள் பயப்படுகிறார்கள். உப்பும் நீரும் குடலில் உறிஞ்சப்பட அந்தக் குளுக்கோஸ் தேவை. பாக்கெட்டில் எழுதிய அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். பாதி பாதியாகப் போட்டால் உப்பின் அளவு மாறிவிடும். இளநீர் எப்போதாவது ஒன்று பரவாயில்லை. ஆனால் சிறுநீரகம் பலவீனமானவர்களும், டெல்மிசார்டன், லோசார்டன் வகைப் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் அதைத் தினமும் குடிக்கக் கூடாது, பொட்டாசியம் ஏறும்.

தயிர் இந்த மருந்தோடு தாராளமாகச் சேரும். தயிர் சாதமே கொடுக்கலாம். ஆன்டிபயாடிக் என்றாலே பால், தயிர் ஆகாது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது வேறு சில ஆன்டிபயாடிக்குகளுக்கு உரிய எச்சரிக்கை. சிப்ரோஃப்ளாக்சசின் அப்படி ஒன்று. பால், தயிரில் உள்ள கால்சியம் அதைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேராது. இரும்புச்சத்து, கால்சியம், துத்தநாக மாத்திரைகளும் வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் திரவமும் இதையே செய்யும். இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவோ ஆறு மணி நேரம் கழித்தோதான் சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிட வேண்டும். சித்த மருந்து சாப்பிடுபவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: சங்கு பற்பத்தில் கால்சியம், அயச் செந்தூரத்தில் இரும்பு. நாட்டு மருந்துதானே, அதை ஏன் சொல்ல வேண்டும் என்று டாக்டரிடம் மறைப்பவர்கள் நிறைய.

உண்ணிக் காய்ச்சலுக்கும் எலிக் காய்ச்சலுக்கும் நம் பக்கம் அடிக்கடி எழுதப்படும் டாக்ஸிசைக்ளினுக்கு இன்னொரு விதி உண்டு. ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தோ நின்றோ விழுங்க வேண்டும். அதன்பின் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. படுக்கப் போகும்போது ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கினால் அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கிவிடும். மறுநாள் எச்சில் விழுங்கக்கூட நெஞ்சு வலிக்கும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளிலிருந்து இதற்கும் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி தேவை. மெட்ரோனிடசோல் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் வாயில் உலோகக் கசப்பைத் தரும், சிறுநீரைக் கருக்கவும் செய்யும், பயப்பட வேண்டாம். அது ஓடும்வரையிலும் முடிந்து மூன்று நாள்வரையிலும் மது கூடாது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், ஒரு ஆன்டிபயாடிக்கில் கற்றுக்கொண்டதை அடுத்ததற்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதுதான். ஒவ்வொரு முறையும் “இது சாப்பாட்டோடா, எதோடு சேரக் கூடாது?” என்று கேளுங்கள்.

அம்மாவின் மற்ற மாத்திரைகளுக்கு வருவோம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினோடு இந்த ஆன்டிபயாடிக் மோதுவதில்லை. ஆனால் மெட்ஃபார்மினும் வயிற்றை இளக்கும் மருந்துதான். இரண்டும் சேரும்போது கொஞ்சம் கூடும். கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ இருந்தால், சரியாகச் சாப்பிடாத நாளில் சர்க்கரை அளவு இறங்கிவிடலாம். தொற்று இருக்கும்போது சர்க்கரை ஏறும், தொற்று தணியத் தணிய இறங்கும். எனவே இந்த வாரம் வீட்டுக் கருவியில் வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள். வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் உடனே பார்த்துவிட்டு, குறைவாக இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். வயிற்றுப்போக்கு நிறையப் போய் நாக்கு வறண்டு, சிறுநீரும் குறைந்தால் மெட்ஃபார்மினையும் பிரஷர் மாத்திரையையும் தொடரலாமா என்று அன்றே டாக்டரைக் கேட்க வேண்டும். அந்த நிலையில் அவை சிறுநீரகத்துக்குச் சுமை.

இதயத்துக்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோ அசெனோகூமரோலோ சாப்பிடுபவர்கள் எந்த ஆன்டிபயாடிக் தொடங்கினாலும் டாக்டரிடம் சொல்லி ரத்தம் உறையும் நேரத்தைச் சோதிக்க வேண்டும், ரத்தக்கசிவு கூடலாம். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட், யூரிக் அமிலத்துக்கு அல்லோபுரினால் சாப்பிடுபவர்களும் அமாக்ஸிசிலின் என்றதும் அதைச் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் மருந்தின் அளவோ இடைவெளியோ மாறும். அம்மாவுக்குக் கடைசியாகக் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எப்போது பார்த்தது? அந்த ரிப்போர்ட்டை டாக்டர் பார்த்தாரா? இல்லையென்றால் அவருக்குப் போன் செய்யும்போது இதையும் கேளுங்கள்.

ஒவ்வாமையைப் பற்றி முதல் மாத்திரைக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். பேசவில்லையென்றால் இப்போதாவது அம்மாவிடம் கேளுங்கள்: எப்போதாவது பெனிசிலின் ஊசியோ மாத்திரையோ ஒத்துக்கொள்ளாமல் போனதா? போயிருந்தால் என்ன நடந்தது? வயிறு போனதும் குமட்டியதும் ஒவ்வாமை அல்ல, பக்கவிளைவு. உடம்பெங்கும் தடித்துத் தடித்து அரிப்பு, உதடு, கண் இமை வீக்கம், மூச்சுத் திணறல் வந்திருந்தால் அதுதான் ஒவ்வாமை. இந்த வேறுபாட்டைக் கேட்காமலே பலர் பெயரோடு பெனிசிலின் அலர்ஜி என்று எழுதிவிடுகிறார்கள். அப்படிச் சொல்பவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அலர்ஜி இல்லை என்றே தெரியவருகிறது. அவர்களுக்கெல்லாம் நல்ல மருந்து ஒன்று தேவையில்லாமல் மறுக்கப்படுகிறது.

உண்மையான ஒவ்வாமையில் தாமதமே கூடாது. மூச்சுத் திணறல், முகம் நாக்கு வீக்கம், தலைசுற்றி விழுவது இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் அடுத்த மாத்திரை கிடையாது, உடனே 108. தோலில் கொப்புளம், தோல் உரிதல், வாயிலும் கண்ணிலும் புண் என்றாலும் அப்படியே. தடிப்பு மட்டும் என்றால் மாத்திரையை நிறுத்தி வைத்து, அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். வயிற்றுப்போக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு முறைக்கு மேல் தண்ணீராகப் போனாலோ, ரத்தம் கலந்தாலோ, காய்ச்சலும் வயிற்றைப் பிடிக்கும் வலியும் சேர்ந்தாலோ அதுவும் காத்திருக்கக் கூடாத விஷயம். நல்ல பாக்டீரியாக்கள் அழிந்த குடலில் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகி இப்படிச் செய்யக்கூடும். அப்போது கடையில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபிரமைடு வாங்கிப் போட்டால் நிலைமை மோசமாகும்.

அம்மாவின் காலையும் பார்க்க வேண்டும், மாத்திரையை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. சிவப்பின் ஓரத்தை ஒரு பேனாவால் கோடிட்டு வையுங்கள். மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். எனவே புறங்கையை வைத்துச் சூட்டையும் இறுக்கத்தையும் இரண்டு காலிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்து தொடங்கிய முதல் ஓரிரு நாளில் சிவப்பு கொஞ்சம் பரவலாம். அதற்குப் பிறகும் கோட்டைத் தாண்டினால், விட்ட காய்ச்சல் திரும்பினால், பார்வைக்குத் தெரிவதைவிட வலி பல மடங்கு இருந்தால், தோல் கறுத்தாலோ கொப்புளித்தாலோ, அம்மா குழம்பிப் பேசினாலோ ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். உட்காரும்போதும் படுக்கும்போதும் தலையணை வைத்துக் காலை உயர்த்தி வைத்தால் வீக்கம் சீக்கிரம் வடியும். தொற்று போன பிறகும் தோலின் நிறமாற்றமும் லேசான வீக்கமும் சில வாரம் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு அட்டை வாங்கக் கூடாது.

இனி அந்தப் பெரிய கேள்வி: எழுதிய நாள் முழுக்கச் சாப்பிட்டே ஆக வேண்டுமா? பல காலமாக எங்களுக்குச் சொல்லித்தந்ததும் நாங்கள் சொன்னதும் ஒன்றுதான்: கோர்ஸை முடிக்காவிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். இன்று விஷயம் அதைவிட நுட்பமானது. 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கட்டுரை இந்த வாக்கியத்தையே கேள்விக்குள்ளாக்கியது. தேவைக்கு மேல் ஒவ்வொரு நாளும் மருந்து சாப்பிடும்போது குடலிலும் தோலிலும் சும்மா இருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தாங்கப் பழகுகின்றன. மருந்தை எதிர்க்கும் திறன் பெரும்பாலும் அங்கிருந்துதான் பரவுகிறது என்பது அந்தக் கட்டுரையை எழுதியவர்களின் வாதம். பல தொற்றுகளில் குறைந்த நாள் சிகிச்சையே போதும் என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. சிக்கல் இல்லாத செல்லுலைட்டிஸில் நன்றாகக் குணம் தெரிந்தால் ஐந்து நாள் போதும் என்பது இப்போது பல வழிகாட்டுதல்களில் உள்ள நிலை.

அப்படியானால் அம்மா சொல்வது சரிதானே என்று தோன்றும். இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குறைந்த நாள் போதுமா என்பது நோயைப் பொறுத்தது, நோயாளி எப்படி உணர்கிறார் என்பதைப் பொறுத்தது அல்ல. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டை வலியில் குழந்தை மூன்றாம் நாளே ஓடியாடும். ஆனாலும் இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வராமல் தடுக்க, பெனிசிலினோ அமாக்ஸிசிலினோ பத்து நாள் கொடுக்கிறார்கள். டைஃபாய்டு அரைகுறையாக விட்டால் சில வாரத்தில் திரும்பி வரும். காசநோயில் இரண்டு மாதத்திலேயே இருமல் நின்று எடை கூடிவிடும். மருந்து வழக்கமாக ஆறு மாதம். மறுபக்கம், அசித்ரோமைசின் மூன்றே நாள் எழுதினால் டாக்டர் குறைத்துக் கொடுத்துவிட்டார் என்று எண்ண வேண்டாம்; அது திசுக்களில் பல நாள் தங்கி வேலை செய்யும். இந்தக் கணக்கு டாக்டருக்குத் தெரியும். நமக்கு உடம்பு லேசானது மட்டும்தான் தெரியும். எனவே ஐந்தாம் நாள் அம்மாவை அழைத்துப் போய்க் காலைக் காட்டி, “இத்தோடு போதுமா, ஏழு நாளும் வேண்டுமா?” என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பது அவமரியாதை இல்லை. சர்க்கரையும் பாதத்தின் நிலையும் பார்த்து அவர் ஏழு நாள் என்றால் ஏழு நாள்தான்.

இதை ஏன் இவ்வளவு தீவிரமாகச் சொல்கிறேன் என்றால், இது ஒரு வீட்டோடு முடிகிற விஷயம் இல்லை. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945-ல் நோபல் உரையிலேயே எச்சரித்தார்: ஒருவர் தொண்டை வலிக்குத் தானே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவு சாப்பிடுகிறார்; கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகுகிறது; அது மனைவிக்குத் தொற்றி, அவருக்குப் பெனிசிலின் வேலை செய்யாமல் அவர் இறக்கிறார். கற்பனையாக அவர் சொன்னது இன்று உலகளாவிய கணக்காகிவிட்டது. 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவில் இதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று மருத்துவச் சங்கங்கள் கூடி 2012-ல் வகுத்த திட்டத்துக்குச் சென்னைப் பிரகடனம் என்றே பெயர். 2014 மார்ச் முதல் செஃபிக்சிம் போன்ற பல ஆன்டிபயாடிக்குகள், டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் எச்1 அட்டவணையில் வந்தன; அவற்றை விற்கும் கடை டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் இருக்கிறது. இருந்தும் சளிக்கும் இருமலுக்கும் “ரெண்டு அசித்ரோமைசின் குடுங்க” என்று கேட்பவர்களும் கொடுப்பவர்களும் குறையவில்லை. சளி, ஃப்ளூ, டெங்கு எல்லாம் வைரஸ் நோய்கள். ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடக்கூட முடியாது. சளி பச்சையாக வந்தால் மட்டும் அது பாக்டீரியா ஆகிவிடாது.

வாங்கும்போது ஏழு நாளைக்கும் சேர்த்து, 21 மாத்திரைக்கும் பில்லோடு வாங்கிவிடுங்கள். மூன்று நாளுக்கு வாங்கிப் பார்க்கலாம் என்று தொடங்கியவர்கள்தான் மூன்றாம் நாளில் நிறுத்துகிறார்கள். பில்லில் உள்ள தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து அது.

வீட்டில் குழந்தை இருந்தால் இதே மருந்து கலக்கும் பொடியாக வரும். அதில் தவறு நடக்கும் இடம் வேறு. 5 மில்லியில் 228.5 மில்லிகிராம், 457 மில்லிகிராம் என்று இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. பெயர் ஒன்றே, அளவு இரட்டிப்பு. சீட்டில் எந்த எண் இருக்கிறதோ அதே எண் பாட்டிலிலும் இருக்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடுவரை ஊற்றி நன்றாகக் குலுக்கி, ஃப்ரிட்ஜில் வைத்து, ஒவ்வொரு முறையும் குலுக்கிக் கொடுங்கள். பொதுவாக ஏழு நாளில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். சமையலறைக் கரண்டியால் அளக்கக் கூடாது. எல்லாப் பொடியும் ஃப்ரிட்ஜில் வைப்பதல்ல. கிளாரித்ரோமைசின் திரவத்தை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. லேபிளைப் படித்துவிடுங்கள்.

ஐந்தாம் நாளே டாக்டர் போதும் என்றால் ஆறு மாத்திரை மிஞ்சும். அதை அடுத்த முறைக்கென்று பத்திரப்படுத்தாதீர்கள், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய காபித்தூளிலோ டீத்தூளிலோ கலந்து, கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கழிப்பறையிலும் பாத்திரம் கழுவும் தொட்டியிலும் கொட்டினால் அது நீர்நிலைக்குத்தான் போகும்.

மாத்திரை முடிந்த பிறகும் இரண்டைக் கவனியுங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்து போவது, உடம்பு அரிப்பு: கிளாவுலனேட் சேர்ந்த இந்த மருந்து, குறிப்பாக வயதானவர்களுக்கு, அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கும், அது முடிந்து சில வாரம் கழித்தும் தெரியலாம். அப்படி ஒருமுறை வந்தவருக்கு இந்த மருந்தை மறுபடி கொடுக்கவே கூடாது. நீர்த்த வயிற்றுப்போக்கும் அதேபோல வாரங்கள் கழித்து வரலாம்; அப்போது டாக்டரிடம் “போன மாதம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டார்” என்பதை முதலில் சொல்லுங்கள்.

இன்னொன்று, அம்மாவின் கால்விரல் இடுக்குகளை இன்றே விரித்துப் பாருங்கள். சேற்றுப்புண்ணோ வெடிப்போ இருந்தால் கிருமி நுழைந்த வாசல் பெரும்பாலும் அதுதான். அதற்குப் பூஞ்சைக் களிம்பு எழுதி வாங்கி, குளித்ததும் விரல் இடுக்கை ஒற்றி உலர வையுங்கள். அதை அப்படியே விட்டால் இதே காலில் இதே தொற்று மறுபடி வரும்.